திரவத்துக்கும் உண்டோ மீட்சி?

வில்லை வளைத்து விட்டால் நிமிர்கிறது. ரப்பர் நாடாவை இழுத்து விட்டால் சுருங்குகிறது. எஃகுச் சுருளை அமுக்கிக் கையை எடுத்தால் எழும்புகிறது. உருக்குலைந்த பொருள் தன் பழைய உருவுக்கு மீளும் இக்குணத்துக்கு மீட்சி என்று பெயர். இது திடப்பொருள்களுக்கே உரிய குணம் என்று பள்ளியில் நாம் பயின்றோம். குடத்து நீரைக் கலக்கிவிட்டு, அது பழைய கோலத்துக்குத் திரும்பட்டும் என்று எவரும் காத்திருப்பதில்லை. நீருக்குப் பழைய கோலம் என்று ஒன்று இருந்தால் அல்லவா திரும்புவதற்கு?

ஆயினும், ஊற்றினால் ஓடுகிற, கலத்தின் வடிவையே தன் வடிவாகக் கொள்கிற திரவம் ஒன்று வில்லைப் போல் வளைகிறது, விட்டால் நிமிர்கிறது. அத்திரவம் நேயர்களில் பலருடைய இல்லங்களில் இப்பொழுதே இருக்கிறது. மின்சார மீட்டரின் முகத்திலும், காய்ச்சல் பார்க்கும் புதுவகைத் தெர்மாமீட்டரிலும், கடைக்காரரின் கால்குலேட்டரிலும் கறுப்பாகத் தோன்றி மறையும் எண்களை எழுதுவது அதுவே. இரண்டு கண்ணாடித் தகடுகளின் நடுவே, தலைமயிரின் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆன இடைவெளியில் அது அடைபட்டிருக்கிறது. திரவப் படிகம் என்பது அதன் பெயர். அதன் மீட்சியைக் கணக்கில் அடக்கியவர்கள் யாவர், எவ்வாறு அடக்கினர் என்பதை இங்கே காண்போம்.

1888ஆம் ஆண்டில் பிராக் நகரத்தில் இருந்த ஆஸ்திரியத் தாவர நூலறிஞர் பிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டரில் பென்ஸோயேட் என்னும் பொருளைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். 145.5 டிகிரி சென்டிகிரேடில் அது உருகிற்று. ஆனால் பால் கலந்தாற்போல் கலங்கலாக நின்றது. மேலும் சூடேற்ற, 178.5 டிகிரியில் திடீரெனத் தெளிந்தது. ஒரே பொருள் இருமுறை உருகுவதுண்டோ? தமக்கு விளங்காததை விளங்கியதாகக் காட்டிக்கொள்ளாமல், அவர் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் ஆட்டோ லேமனுக்குக் கடிதம் எழுதிப் பொருளையும் அனுப்பிவைத்தார். உஷ்ணத்தோடு பொருளைப் பார்க்கும் மைக்ராஸ்கோப் லேமனிடம் இருந்தது. கலங்கிய அத்திரவம் ஓடிற்று; அதே சமயம் படிகங்களைப் போல ஒளிக்கதிரை இரண்டாகவும் பிளந்தது. ஓடும் படிகம் என்று லேமன் பெயரிட்டார். பொருளில் அழுக்குச் சேர்ந்திருக்கும் என்றும், இரண்டு திரவங்கள் கலந்த கலவையாக இருக்கும் என்றும் சொல்லிப் பெரிய ரசாயன அறிஞர்களே பல ஆண்டுகள் அதை நம்ப மறுத்தனர்.

1922ல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் பிரீடெல் இவற்றை வகைப்படுத்தினார். மைக்ராஸ்கோப்பில் நூல் இழைகள் போன்ற கோடுகளைக் காட்டும் வகைக்கு, நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து நெமாட்டிக் என்று பெயர் வைத்தார். நாம் முதலில் அறிய வேண்டியது இந்த நெமாட்டிக்கைத்தான். இதன் மூலக்கூறுகள் குச்சி போன்றவை. ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு இருக்கும். அவை இடம் விட்டு இடம் தாராளமாக நகர்கின்றன. ஆகவே பொருள் திரவம். ஆனால் ஏறத்தாழ எல்லாம் ஒரே திசை நோக்கிப் படிந்திருக்கின்றன; ஆகவே படிகத்தின் சாயல். காற்று ஒரு பக்கமாக அடிக்கையில் முற்றிய நெல்வயல் சாய்ந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அத்தோற்றம் எளிதில் விளங்கும். ஒவ்வொரு கதிரும் சற்று ஆடினாலும், வயலுக்கென்று ஒரு சாய்வு உண்டு.

அந்தச் சராசரித் திசைக்கு ஆங்கில நூல்கள் 'டைரக்டர்' என்று பெயரிட்டிருக்கின்றன. மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நமக்கு இச்சொல்லால் நேர்ந்த இடரைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. கலைப் பட்டதாரியான நமக்குப் பௌதிகம் பள்ளியோடு நின்றுபோயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விஞ்ஞானக் குறிப்பைத் தமிழாக்கும்பொழுது, கோப்புகளில் நாள்தோறும் கண்டு பழகிய பழக்கத்தால், 'மின்சாரத்தைச் செலுத்தியவுடன் இயக்குநர் தம் நிலையிலிருந்து 90 டிகிரி திரும்பினார்' என்று எழுதிவிட்டோம். அச்சுக்குப் போகுமுன் அது ஒரு பௌதிகப் பேராசிரியரின் கண்ணில் பட்டது நம் நல்லூழ். அவர் சிரித்து ஓய்ந்தபின் நமக்குப் பொறுமையாகக் கற்பித்தவையே இங்கே நாம் சொல்லுபவற்றுக்கு அடிப்படை. அன்று முதல் அதைத் திசைக்கோடு என்றே வழங்கி வருகிறோம்.

இனி மீட்சிக்கு வருவோம். சாதாரணத் திடப்பொருளின் துகள்களை இடம் பெயர்த்தால் அது எதிர்க்கிறது. நெமாட்டிக்கின் துகள்களை எங்கு வேண்டுமாயினும் பெயர்க்கலாம். அதற்கு ஆட்சேபம் இல்லை. திசைக்கோடு இடத்துக்கு இடம் மாறுபட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் மட்டுமே அது எதிர்க்கிறது. இடத்தைப் பற்றிய மீட்சி அன்று இது, திசையைப் பற்றிய மீட்சி. இந்த வேற்றுமையே யாவற்றுக்கும் திறவுகோல்.

திசைக்கோடு எத்தனை விதமாக மாறுபடலாம்? மூன்றே விதம் என்பது விடை. மாட்டு வண்டியின் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்திலிருந்து ஆரக்கால்கள் எல்லாப் பக்கமும் விரிந்து செல்கின்றன. மூலக்கூறுகள் ஆரக்கால்களைப் போல் அமைந்தால் அது விரிவு. அதே சக்கரத்தின் வட்டையின்மேல் ஓர் எறும்பு ஊர்ந்தால், போகப் போக அது செல்லும் திசை திரும்பிக்கொண்டே இருக்கும். மூலக்கூறுகள் வட்டையின் போக்கிலேயே அமைந்தால் அது வளைவு. மூன்றாவதற்குச் சக்கரம் உதவாது. ஓர் ஓலைச்சுவடியை எடுத்துக்கொள்வோம். ஏடுகளின் நடுவே ஒரே துளையிட்டு அதில் ஒரு கம்பியைச் செருகி, ஒவ்வோர் ஏட்டையும் கீழ் ஏட்டைவிடச் சிறிது திருப்பி வைத்தால், அடி ஏடு கிழக்கு மேற்காகவும் முடி ஏடு வடக்கு தெற்காகவும் நிற்கக் காணலாம். இது முறுக்கு.

இம்மூன்றுக்கும் மூன்று மீட்சி எண்கள் உண்டு. சுருள்வில்லை இருமடங்கு நீட்ட நான்கு மடங்கு சக்தி வேண்டியிருப்பது போலவே, இங்கும் திசை மாறும் வேகத்தின் வர்க்கத்தை உரிய எண்ணால் பெருக்கிப் பாதியாக்கினால், அந்தக் கோணலில் சேமிப்பாகும் சக்தி கிடைக்கிறது. மூன்றையும் கூட்டினால் மொத்தச் சக்தி. திரவம் எப்பொழுதும் இந்த மொத்தம் மிகக் குறையும் வகையில் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். கொள்கை முழுவதும் இவ்வளவே.

இதை முதலில் எழுதியவர் சுவீடன் நாட்டு உப்சாலாவைச் சேர்ந்த கார்ல் வில்ஹெம் ஓசீன். ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு, சார்பு நிலைக் கொள்கைக்காக அன்றி, ஒளிமின் விளைவின் விதிக்காகக் கிடைக்கும்படி வழி கண்டவரும் இவரே. 1933ல் லண்டன் பாரடே சங்கத்தார் நடத்திய விவாதத்துக்குப் பின் இத்துறை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உறங்கிப்போயிற்று. சொல்ல வேண்டியவை எல்லாம் சொல்லியாயிற்று என்று அறிஞர்கள் எண்ணிவிட்டனர் போலும். 1958ல் பிரிஸ்டலைச் சேர்ந்த சார்ல்ஸ் பிராங்க் அதே கணக்கைப் புதிதாக, தெளிவாக எழுதிக் காட்டினார். இன்று அது ஓசீன்–பிராங்க் கொள்கை எனப்படுகிறது.

இக்கொள்கையில் மூலக்கூறு என்பதே கிடையாது. துணியை மடித்துத் தைக்கும் தையற்காரர் நூல்களை எண்ணுவதில்லை. துணி எங்கே மடியும், எங்கே விறைக்கும் என்பதை அறிந்தால் அவருக்குப் போதும். அவ்வாறே மூன்று எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, திரவத்தைத் தொடர்ச்சியான ஒரு பொருளாகப் பாவித்துக் கணக்கிடலாம். ஆனால் சக்கரத்தின் குடத்துக்கு நடுவே என்ன செய்வது? அங்கே எல்லாத் திசைகளும் மோதுவதால் திசைக்கோடு என்பதே பொருளற்றதாகி, கணக்கில் சக்தி எல்லையின்றி ஏறுகிறது. மெய்யான திரவம் அவ்விடத்தில் தன் ஒழுங்கையே தளர்த்திக்கொள்கிறது. பிரீடெல் கண்ட நூல் இழைகள் இத்தகைய குடங்கள் வரிசையாய் அமைந்தவையே. அவற்றின் உள்ளே நுழைவதற்கு, திசையோடு ஒழுங்கின் அளவையும் கணக்கில் சேர்க்கும் வேறொரு கொள்கை வேண்டும். லாந்தாவின் வழியில் பிரெஞ்சு அறிஞர் டி ஜென் அதை வகுத்தார். 1991ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மீட்சி எண்கள் எவ்வளவு பெரியவை? அல்லது, எவ்வளவு சிறியவை என்று கேட்பதே பொருந்தும். ஆய்வுக்கூடங்களில் மிகப் பழகிய ஒரு நெமாட்டிக்குக்கு 5சிபி என்று சுருக்கப் பெயர். இங்கிலாந்தில் ஹல் நகரத்து ஜார்ஜ் கிரேயின் குழுவினர் 1972ல் உருவாக்கிய சயனோபைபினைல் வகை அது. அறையின் உஷ்ணநிலையில் அதன் விரிவு எண் சுமார் 6. முறுக்கு எண் சுமார் 4. வளைவு எண் சுமார் 8. அலகு பிகோநியூட்டன், அதாவது ஒரு நியூட்டனை ஒரு லட்சம் கோடிக் கூறாக்கினால் கிடைப்பது. ஓர் அரிசி மணியை இரண்டு கோடித் துணுக்குகளாக நொறுக்கினால், ஒரு துணுக்கின் எடை ஏறத்தாழப் பத்து பிகோநியூட்டன் இருக்கும். இவ்வளவு சிறுமைக்குக் காரணம் எளிது. திசையைக் காக்கும் கட்டு வலியதன்று. வெப்பத்தால் ஒரு மூலக்கூறு பெறும் சக்தி எவ்வளவோ அந்த அளவினதே. அச்சக்தியை மூலக்கூறின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். சில பிகோநியூட்டன்கள் வரும்.

இந்த மென்மையே கலங்கலுக்கும் முக்கியமான காரணம். வெப்பத்தின் ஓயாத இடிபாட்டில் திசைக்கோடு எங்கும் சிறிது சிறிதாக நெளிந்துகொண்டேயிருக்கிறது. நெளியும் இடமெல்லாம் ஒளி சிதறுகிறது. மீட்சி வலியதாயின் நெளிவு குறைந்து திரவம் தெளிந்திருக்கும். பிரான்சின் ஆர்சேயில் டி ஜென்னும் அவர் குழுவினரும் 1960களின் இறுதியில் இதைக் கணக்கிட்டு நிறுவினர். சிதறும் ஒளியை அளந்தே மீட்சி எண்களை அறியும் முறையும் இதிலிருந்து பிறந்தது.

எண்களை அளக்கும் இன்னொரு வழி இதனினும் பழையது. அதன் கதையில் நம் மனத்தைத் தொடும் பகுதியும் உண்டு. லெனின்கிராடில் வெஸ்வலத் பிரெடெரிக்ஸ் என்பவர் 1920களின் பிற்பகுதியில், இரு தகடுகளுக்கிடையே நெமாட்டிக்கை வைத்துக் காந்தப் புலத்தைச் செலுத்தினார். தகடுகள் மூலக்கூறுகளை ஒரு திசையில் பிடித்து நிறுத்துகின்றன. காந்தம் வேறு திசைக்கு இழுக்கிறது. புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் முதலில் ஒன்றுமே நிகழ்வதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவைக் கடந்ததும் நடுவிலுள்ள மூலக்கூறுகள் சட்டெனச் சாயத் தொடங்குகின்றன. நிமிர்த்தி நட்ட மூங்கிலின் உச்சியில் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஓர் எல்லை வரையில் நேரே நின்று, எல்லை கடந்ததும் வளைந்துவிடும் அல்லவா? அதுபோன்றதே இது. எல்லைப் புலத்தைத் தகடுகளின் இடைவெளியால் பெருக்கினால் எப்பொழுதும் ஒரே எண் வந்தது. அந்த எண்ணுக்குள் மீட்சி எண் ஒளிந்திருந்தது. தகடுகள் மூலக்கூறுகளைப் பிடிக்கும் முறையை மாற்றி மாற்றி வைத்தால், மூன்று எண்களையும் தனித்தனியே அறியலாம். ஸ்டாலின் காலத்துக் கைதுகளில் 1936ல் அகப்பட்ட பிரெடெரிக்ஸ் 1944ல் மறைந்தார். தம் பெயர் தாங்கிய அந்த மாற்றம் உலகமெங்கும் மணிக்கட்டுகளில் ஏறப்போவதை அவர் அறியார்.

காந்தத்துக்குப் பதிலாக மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு வியப்பு நேர்கிறது. இடைவெளியை இருமடங்காக்கினால் வேண்டிய புலம் பாதியாகிறது. ஆனால் வோல்டேஜ் என்பது புலத்தை இடைவெளியால் பெருக்கியது. ஆதலின் இடைவெளி எதுவாயினும் எல்லை வோல்டேஜ் மாறுவதே இல்லை. 5சிபி ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே பெற்றுச் சாயத் தொடங்கிவிடும். ஒன்றரை வோல்ட் பாட்டரியால் எண்கள் எழுதப்படுவதற்கு மூலம், அரிசித் துணுக்கின் எடையையொத்த அந்த மீட்சி எண்களே.

1970ன் இறுதியில் ஸ்விட்சர்லாந்தின் பேஸல் நகரத்தில் மார்ட்டின் ஷாட், வுல்ப்காங் ஹெல்ப்ரிக் ஆகிய இருவர் இந்த மாற்றத்தைக் காட்சிக்குப் பயன்படுத்தினர். இதே யோசனை அமெரிக்காவில் ஜேம்ஸ் பெர்கஸனுக்கும் தோன்றியிருந்தது. நாம் முன்னர் சொன்ன ஓலைச்சுவடியை நினைவு கூருங்கள். அடித் தகட்டுக்கும் மேல் தகட்டுக்கும் இடையே திசைக்கோடு 90 டிகிரி முறுக்கிக்கொள்ளுமாறு அடைத்தனர். ஒளியின் அதிர்வும் அம்முறுக்கைத் தொடர்ந்து திரும்பி வெளியேறுகிறது. மின்சாரம் பாய்ந்ததும் மூலக்கூறுகள் நிமிர, முறுக்கு குலைய, ஒளி தடைபட, கறுப்புக் கோடு தோன்றுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால்? அப்பொழுது எந்த வெளிச் சக்தியும் வேலை செய்வதில்லை. மீட்சியே தனியாக நின்று மூலக்கூறுகளைப் பழைய முறுக்குக்குக் கொண்டுவருகிறது. எழுதுவது மின்சாரம், அழிப்பது மீட்சி.

இத்தகைய காட்சித் திரையின் எல்லை வோல்டேஜுக்கான வாய்பாட்டில் மூன்று எண்களும் ஒருங்கே அமர்ந்திருக்கின்றன. வளைவு எண்ணிலிருந்து முறுக்கு எண்ணின் இருமடங்கைக் கழித்து, மிஞ்சியதில் கால் பங்கை விரிவு எண்ணோடு கூட்ட வேண்டும். 5சிபிக்கு 8லிருந்து 8ஐக் கழிக்க மிச்சம் ஒன்றுமில்லை. விடை 6 தான். வேறு பொருள்களுக்கு அவ்வாறு நேராது. ரசாயனிகள் பல பொருள்களைக் கலந்து கலந்து இம்மூன்று எண்களின் விகிதத்தைத் திருத்தியதன் காரணம் இதுவே. ஒரே திரையில் எத்தனை வரிகள் எழுதலாம் என்பதையும் அவ்விகிதம் பெரிதும் கட்டுப்படுத்தியது. 1980களில் முறுக்கை 90 டிகிரியிலிருந்து 240, 270 டிகிரி வரை ஏற்றி அத்தடையைத் தாண்டினர். அழிக்க ஆகும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. இடைவெளியை இருமடங்காக்கினால் நேரம் நான்கு மடங்காகும். திரவத்தின் பிசுபிசுப்பு ஏறினாலும் நேரம் நீளும். கடுங்குளிரில் இத்தகைய எண்கள் சோம்பி மாறுவது அதனால்தான்.

குளிரச் செய்தால் சில நெமாட்டிக்குகள் ஸ்மெக்டிக் என்னும் அடுக்கு நிலைக்கு மாறுகின்றன. மூலக்கூறுகள் திசையில் ஒன்றுபடுவதோடு, புத்தகத்தின் தாள்கள் போல் அடுக்கடுக்காகவும் நிற்கின்றன. புத்தகத்தை மொத்தமாக வளைக்கலாம். தாள்களுக்குச் செங்குத்தான கோடுகள் அப்பொழுது விரிகின்றன. ஆனால் அக்கோடுகள் முறுக்கிக்கொள்ளவோ வளையவோ வேண்டுமாயின், தாள்களிடையே உள்ள இடைவெளி கெட வேண்டும். ஆகவே ஸ்மெக்டிக்கில் விரிவுக்கு மட்டுமே இடம் உண்டு. அந்நிலையை நெருங்க நெருங்க, முறுக்கு எண்ணும் வளைவு எண்ணும் கிடுகிடுவென்று ஏறுவதைச் சோதனைகளில் காண்கிறோம். மீகடத்தி தன்னுள் காந்தப் புலத்தை நுழையவிடாமல் தள்ளுவதற்கும் இதற்கும் கணிதம் ஒன்றே என்று 1972ல் டி ஜென் காட்டினார். கண்ணாடித் தகடுகளிடையே உள்ள சோப்புக் குழம்பு போன்ற திரவமும், பெருங்குளிரில் உறைந்த உலோகமும் ஒரே சமன்பாட்டுக்கு அடங்குவதை அறிந்த அன்று நமக்கு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

காட்சித் திரையை அமைத்த அதே ஹெல்ப்ரிக், 1973ல் விரிவு மீட்சியை உயிரணுக்களின் சவ்வுக்குப் பொருத்தினார். இரண்டு மூலக்கூறு பருமனே உள்ள அச்சவ்வும் ஒரு திரவ அடுக்குத்தானே? இரத்தச் சிவப்பணு இருபுறமும் குழிந்த தட்டுப் போன்றிருப்பதை, சவ்வின் வளைவுச் சக்தி மிகக் குறையும் வடிவமாகக் கணக்கிட்டு விளக்க இக்கொள்கை வழி செய்தது.

நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. சர் சி. வி. ராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர் 1971 முதல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிக ஆய்வகத்தை நடத்தினார். குச்சி மூலக்கூறுகளையே உலகம் ஆராய்ந்துவந்த 1977ல், அவரும் சதாசிவாவும் சுரேஷும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டு, 'பிரமாணா' என்னும் இந்திய விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டனர். காசுகளை அடுக்கினாற்போல் தூண் தூணாக நிற்கும் அந்நிலையில், பொருள் இரு திசைகளில் திடப்பொருள் போலவும், தூணின் திசையில் திரவம் போலவும் நடந்துகொள்கிறது. அதற்குரிய மீட்சிக் கணக்கும் புதிதாக எழுதப்பட வேண்டியதாயிற்று. அதே நிலையத்தில் மதுசூதனாவும் பிரதிபாவும் சயனோபைபினைல் வகைகள் சிலவற்றின் மீட்சியையும் ஒழுங்கையும் ஒப்பிட்டு 1982ல் கட்டுரை வெளியிட்டனர். ஒழுங்கின் அளவு குறையக் குறைய, அதன் வர்க்கத்தை ஒட்டி மீட்சி எண்களும் குறைய வேண்டும் என்பது முதல் நிலைக் கணிப்பு. மெய்யான பொருள்கள் அதை அப்படியே பின்பற்றுவதில்லை. அந்த விலகல்களில்தான் மூலக்கூறுகளின் தனித்தன்மை தெரிகிறது.

மூன்று எண்களையும் அளக்காமல், மூலக்கூறின் வடிவிலிருந்தே கணித்துவிட முடியுமா? 1988ல் ஆலனும் பிரெங்கலும் கம்ப்யூட்டருக்குள் கடினமான குச்சி உருவங்களை நடமாடவிட்டு, திசைக்கோட்டின் நெளிவுகளை எண்ணி, அவற்றிலிருந்து மீட்சி எண்களைப் பெற்றனர். ஒளிச் சிதறல் சோதனையைக் கண்ணாடியும் திரவமும் இன்றி நடத்துவது போன்றது இது.

எண் எதுவாயினும் அது சுழியைவிடப் பெரியது என்பது மட்டும் ஐயமற்றதாக இருந்தது. வளைத்தால் எதிர்க்க வேண்டும். வளைவதை விரும்பும் பொருள் எங்கே இருக்கிறது? 2001ல் பிரான்சிலிருந்த இவான் டோசொவ் அதையே கேட்டார். மூலக்கூறு குச்சியாக அன்றி, நடுவில் ஒடிந்த வில்லைப் போலிருந்தால், வளைவு எண் சுழிக்குக் கீழே இறங்கலாம். அப்பொழுது நேராக நிற்பதே திரவத்துக்கு நஷ்டமாகும். ஆனால் வெளியெங்கும் ஒரே அளவாக வளைந்துகொண்டே போக வடிவியல் இடங்கொடுப்பதில்லை. சிறிது முறுக்கியோ விரிந்தோதான் வளைய முடியும். முறுக்கிக்கொண்டே வளையும் அத்தகைய சாய்ந்த சுருளை ராபர்ட் மேயர் என்னும் அறிஞர் 1970களிலேயே எண்ணிப் பார்த்திருந்தார்.

கணக்கு ஏட்டில் இருந்த அந்நிலை 2011ல் ஒரு மெய்யான பொருளில் இனங்காணப்பட்டது. 5சிபியை ஒத்த இரண்டு குச்சிகளை, ஏழு கார்பன் கொண்ட சங்கிலியால் இணைத்த மூலக்கூறு அது. ஏழு ஒற்றைப்படை எண்ணாகையால் இரு குச்சிகளும் நேர்கோட்டில் அமையாமல் கோணி நிற்கின்றன. அதன் நெமாட்டிக்கில் உஷ்ணநிலை இறங்க இறங்க வளைவு எண் மிகவும் குறைகிறது. பிறகு சுருள் நிலை தோன்றுகிறது. 2013ல் அச்சுருளை மின்னணு மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்தார்கள். ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 8 நானோமீட்டர். அதாவது மூன்று நான்கு மூலக்கூறுகளின் நீளமே. திசைக்கோடு மூலக்கூறின் நீளத்தைவிட மிகப் பெரிய தொலைவில் மெல்ல மாறும் என்று கொண்டே ஓசீனும் பிராங்கும் தம் கணக்கை எழுதினர். நூல்களை எண்ண வேண்டாத தையற்காரர், நான்கே நூல் அகலமுள்ள மடிப்பைத் தைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். பழைய வாய்பாட்டோடு மேலும் சில உறுப்புகளைச் சேர்த்தால் போதுமா, அன்றி மூலக்கூறுகளிலிருந்தே தொடங்க வேண்டுமா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.